உட்கார்ந்து எடுத்த அளவு

பதினேழாம் எண் பேருந்தை ஓட்டும் பெண்மணிக்குப் பணிமனையில் ஊக்கு அக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. சீருடைக் கால்சட்டை இடுப்பில் நிற்பதற்கு இரண்டு ஊக்கு, சட்டைக் கழுத்து தோளில் சரியாமல் இருக்க ஒன்று, மடித்துவிட்ட கைகளுக்குப் பக்கத்துக்கு ஒன்று என்று தினமும் ஐந்து ஊக்குகளோடுதான் அவள் வண்டி ஏறுவாள். பணிமனையில் யாருக்கு எது அறுந்தாலும் அவளிடம்தான் ஓடி வருவார்கள். அவளும் சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பாள்.

தொளதொளப்பு அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அவளுடைய அம்மா எந்த உடுப்பு எடுத்தாலும், "வளர்ற பொண்ணு" என்று சொல்லி இரண்டு அளவு கூடுதலாகத்தான் எடுப்பாள். பதின்மூன்று வயதில் அவள் வளர்வதை நிறுத்திவிட்டாள். அம்மா நிறுத்தவில்லை. கல்யாணமாகி, தானே சம்பாதித்து, தானே கடைக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவள் கை தன்போக்கில் பெரிய அளவுகள் தொங்கும் பக்கம்தான் போகும். துணிக்குள் எங்கேயோ தான் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டாள்.

நிர்வாகம் கொடுக்கும் சீருடையோ மூன்றே அளவில் வரும். சிறியது, நடுத்தரம், பெரியது. மூன்றும் ஆண்களுக்காக வெட்டியவை. அந்தச் சிறியதிலேயே அவளோடு இன்னொரு பாதி ஆளும் தாராளமாகக் குடியிருக்கலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம், நாற்சந்தியில் அவள் வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள். பாதித் திருப்பத்தில் வலக்கை ஊக்கு கழன்றது. மடிப்பு அவிழ்ந்து நீண்ட கை, ஸ்டீயரிங் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த குச்சியில் போய் மாட்டியது. அவ்வளவுதான், சுட்டெரிக்கும் வெயிலில் வைப்பர் இரண்டும் கிறீச் கிறீச்சென்று ஆட ஆரம்பித்தன. வண்டி வலப்பக்கம் திரும்ப, விளக்கு இடப்பக்கம் மின்னியது. கையை விடுவிக்க இழுத்தாள். கைப்பட்டி பட்டன் எங்கே போய்ச் சிக்கியதோ, ஹாரன் அடிக்கத் தொடங்கி நிற்கவே மாட்டேன் என்றது. முன்வரிசையில் தூங்கிக்கொண்டு வந்த ஒருவர் திடுக்கிட்டு விழித்து, வைப்பர் ஓடுவதைப் பார்த்துவிட்டு, அவசர அவசரமாகக் குடையை விரித்தார். வண்டிக்குள்ளேயே.

அவள் இடக்கையால் சமாளித்து வண்டியை ஓரங்கட்டினாள். போக்குவரத்துக் காவலர் ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்தார், பயணிகள் சிரித்தார்கள், குடைக்காரர் மட்டும் குடையைச் சுருக்க முடியாமல் திண்டாடினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அவளும் கூடச் சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்கு அந்த நினைப்பு வந்தது. அந்த நேரத்தில் யாராவது சாலையைக் கடந்திருந்தால்? பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருத்தி வந்திருந்தால்?

மாலை வண்டியை விட்டதும் நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. சுத்தத்தில் கொஞ்சம் பித்து. மேசைமேல் பேனா கோணலாகக் கிடந்தால்கூட அவருக்குப் பேச்சு ஓடாது. அவருடைய அறையில் அன்று ஒரு புது ஆள் நின்றுகொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் துணிக்கடைப் பொம்மை. கருநீலக் கோட்டு, தங்க நிறப் பட்டன்கள், தோளில் இரண்டு பட்டை என்று கப்பல் தளபதி மாதிரி இருந்தது.

"வாங்கம்மா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. புது சீருடை எப்படி இருக்கு பாருங்க. அடுத்த மாசத்திலேருந்து எல்லாருக்கும் இதுதான்" என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். வைப்பரைச் சொன்னாள், ஹாரனைச் சொன்னாள். குடையை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவர் சிரித்துவிடுவார், பேச்சு திசைமாறிவிடும்.

"அதான் புதுசு வருதே?"

"இதுவும் மூணு அளவுதானே சார்?"

"மூணுதான்."

"அப்ப பழைய கதைதானே சார்? பட்டன் மட்டும்தான் மின்னும்."

மேலாளருக்கு முகம் சுண்டிப்போனது. "குறை சொல்லணும்னா இங்க வரிசையா நிப்பாங்க. சரி, நீயே பாத்து நல்லதா எடுத்துக் குடுன்னா ஒருத்தரும் இருக்கமாட்டாங்க."

"நான் எடுத்துத் தரேன் சார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தனக்கு ஒரு சட்டை ஒழுங்காக எடுக்கத் தெரியாதவள், அறுபத்திரண்டு ஓட்டுநர்களுக்குச் சீருடை எடுத்துத் தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். மேலாளர் விடவில்லை. பொம்மையைத் துகிலுரிந்து கோட்டையும் கால்சட்டையையும் அவள் கையில் திணித்தார். அலமாரிக்குமேல் பிரிக்காமல் கிடந்த ஒரு காகிதப் பொட்டலத்தையும் எடுத்துக் கொடுத்தார். "இது வேற ஒரு சின்னத் தையற்கூடத்திலேருந்து வந்த மாதிரி உடுப்பு. நான் இன்னும் பாக்கல. மூணு வாரம் டைம். எதுன்னு சொல்லுங்க. காரணத்தோட சொல்லுங்க."

அவளுடைய வீட்டுக்காரர் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். ஆள் உயரத்துக்கு நிற்கும் துவைக்கும் இயந்திரங்கள் நான்கு அவர் பொறுப்பில். படுக்கை விரிப்பு, மருத்துவர் கோட்டு, நோயாளி உடுப்பு என்று நாளொன்றுக்கு மலைமலையாகத் துணி அவர் கைவழியே போய்வரும். அவரிடம் இரண்டு உடுப்புகளையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி, "எதுங்க நல்லா இருக்கு?" என்று கேட்டாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முன்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டையும் உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டார்.

"என்னங்க, பட்டனைக்கூடப் பாக்கல?"

"எங்ககிட்ட வர்ற துணியெல்லாம் இப்படித்தான் வரும், உள்வெளியா. எனக்கு இதான் முகம்."

பளபளப்புக் கோட்டின் ஓரத்தில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். சரசரவென்று ஓரமடிப்பு முழுவதும் பிரிந்து தொங்கியது. அவர் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். "ஒரு நூலைக் கூப்பிட்டா குடும்பத்தோட கிளம்பி வருதே!"

"ஐயையோ, மேலாளர் என்னைத் தொலைச்சிடுவார்!"

"நீ என்ன பண்ணுவே, அது கிளம்பறதுக்குத் தயாரா இருந்துச்சு. இதைப் பார்." பொட்டலத்திலிருந்து வந்த உடுப்பைக் காட்டினார். சாம்பல் கலந்த நீலம். மினுக்கே இல்லை. "தையல் எவ்வளவு பொடிசா, நெருக்கமா இருக்கு பார். எங்க இழுபடுமோ அங்க ரெட்டைத் தையல். உள்ள ஒரு விரல்கடை துணி விட்டிருக்காங்க. நாளைக்கு ஆள் கொஞ்சம் பூசினாப்ல ஆனா பிரிச்சுவிட்டுக்கலாம். அந்தக் கோட்டுல பாரு, துணியை நகம் மாதிரி ஒட்ட வெட்டியிருக்கான். இதுல பட்டனைப் பாரு, துணியோட ஒட்டாம நூலாலேயே ஒரு குட்டிக் கழுத்து சுத்தியிருக்கு. அது இருந்தாத்தான் பட்டன் போட்டதும் துணி சுருங்காம படியும்."

இருபத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மழை வரும், பால் தீர்ந்துபோச்சு என்பதைத் தாண்டி அவர் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. சாப்பாட்டை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் தன் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, இரண்டையும் படுக்கை விரிப்புகளோடு இயந்திரத்தில் போட்டார். ஐந்து நாளில் பத்துச் சலவை. திரும்பி வந்தபோது கருநீலக் கோட்டு அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி வந்தது போல் இருந்தது. காலர் அப்பளம் மாதிரி கொப்பளித்திருந்தது. தங்கப் பட்டன்கள் மூன்று தகர நிறத்துக்கு வந்துவிட்டன. சாம்பல் நீலமோ பொட்டலத்தைப் பிரித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. கொஞ்சம் மெத்தென்றுகூட ஆகியிருந்தது.

வேலை முடிந்தது என்று நினைத்து அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். முடியவில்லை. துணி தங்கம்தான், ஆனால் கைகளை முன்னே நீட்டினால் அக்குளில் பிடித்து இழுத்தது. இடுப்பிலோ வழக்கம்போல மடித்துச் செருக வேண்டியிருந்தது. நல்ல துணி, நல்ல தையல், ஆனால் வேறு யாருடையதோ.

பொட்டலத்தின்மேல் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். அடுத்த நாள் மதியம் தையற்கூடக்காரி பணிமனைக்கே வந்துவிட்டாள். அவள் வயதுதான் இருக்கும். கழுத்தில் இஞ்ச் டேப், வாயில் அளந்தளந்து நாலே வார்த்தை. பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் தோளைப் பார்த்துப் பேசும் பழக்கம் வேறு.

"அக்குள்ல பிடிக்குதுங்க" என்றாள் ஊக்கு அக்கா.

"பிடிக்கும். பொம்மைமேல வெட்டினது. பொம்மை நிக்கும். நீங்க நிக்கறீங்களா?"

"எங்க நிக்கறது? காலையில உக்காந்தா மத்தியானம்தான் எழுந்திருப்பேன்."

"வண்டியைக் காட்டுங்க."

நிறுத்திவைத்திருந்த பதினேழாம் எண்ணில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் தையற்கூடக்காரி உட்கார்ந்தாள். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். கதவு பொத்தானுக்குக் கை நீட்டினாள். கண்ணாடியில் பின்பக்கம் பார்க்கக் குனிந்தாள். பிரேக்கை மிதித்தாள். கால்மணி நேரம் இதையே திருப்பித் திருப்பிச் செய்தாள். பிறகு இறங்கி வந்து, "எல்லாரையும் உக்காரவச்சுத்தான் அளவெடுக்கணும். முதுகுல ரெண்டு மடிப்பு வேணும். கால்சட்டை பின்னாடி உசந்து, முன்னாடி தாழ்ந்து. மூணு அளவு பத்தாது. பெண்களுக்குத் தனி வெட்டு" என்றாள். அன்றைக்கு அவள் பேசியதில் அதுதான் மிகப்பெரிய பேச்சு.

அந்த வாரம் முழுக்க ஓட்டுநர் ஓய்வறையில் திருவிழாக் கூட்டம்தான். ஒரு நாற்காலி, அதன் எதிரே ஒரு வட்டத் தட்டு ஸ்டீயரிங்குக்குப் பதிலாக. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து தட்டைப் பிடிக்க, தையற்கூடக்காரி அளக்க, ஊக்கு அக்கா நோட்டில் எழுதினாள். பத்து வருஷமாகத் தங்கள் வீரப்பிரதாபங்களை அவிழ்த்துவிட்ட ஆண்கள், இஞ்ச் டேப்பைக் கண்டதும் பேய்முழி முழித்தார்கள். டேப் இடுப்பை நெருங்க நெருங்க வயிறு உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

"மூச்சை விடுங்க" என்பாள் தையற்கூடக்காரி.

"விட்டுட்டேன்."

"பாக்கியையும் விடுங்க."

ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடும் நெட்டை ஓட்டுநருக்கு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கால்சட்டை முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவிலேயே நின்றுவிடும். அவனுடைய கால் நீளத்தைச் சொன்னபோது, "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா" என்றான். சொன்னாள். "எழுதிட்டீங்கள்ல?" என்று நோட்டை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டான். போகும்போது வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அதைக்கூடச் சந்தோஷமாகத்தான் தடவிக்கொண்டான்.

வராதவர் ஒருவர்தான். மீசை. பணிமனையிலேயே மூத்த ஓட்டுநர். ஒரு பெண் பேருந்து ஓட்டுவதைப் பற்றி முதல்நாள் அவர் சொன்ன வார்த்தையை அவள் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வாளே தவிர மறக்கவில்லை. "என் அளவு எனக்குத் தெரியும். எவளும் எனக்கு டேப் பிடிக்க வேணாம்" என்று அறைக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் வண்டி கழுவும் கொட்டகையில் அவள் தன் பேருந்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். கனைத்தார். மீசையை முறுக்கினார், அவிழ்த்தார்.

"சொல்லுங்கண்ணே" என்றாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன்."

"இந்தக் கால்சட்டை பட்டன் போட்டு ஏழெட்டு வருஷமாச்சும்மா. பெல்ட்டை மேல கட்டி மறைச்சுக்கிட்டு ஓட்டறேன். பிரேக் போடும்போதெல்லாம் வயித்துல ஒரு கீறு." குரல் இறங்கிவிட்டது. "பெரிய சைசு குடுன்னு கேக்க வாய் வரல. அந்தக் காலத்துல நான் ஒல்லி. எல்லாரும் பாத்திருக்காங்க."

அவளுக்குச் சிரிப்பு வரும் என்றுதான் நினைத்தாள். வரவில்லை. தான் துணிக்குள் ஒளிந்துகொண்ட மாதிரிதான் இந்த மனுஷனும், வேறு வழியில். கையைத் துடைத்துக்கொண்டு, வண்டிக்குள் நோட்டோடு வைத்திருந்த தையற்கூடக்காரியின் டேப்பை எடுத்தாள். அவரைப் பேருந்துப் படியில் உட்காரச் சொல்லி அளந்தாள். எண்ணை உரக்கச் சொல்லாமல் நோட்டில் எழுதி மூடினாள்.

"எவ்வளவு வந்துச்சு?" என்றார் ரகசியமாக.

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு, அண்ணே."

மீசை படியிலிருந்து எழுந்தார். "வண்டியைப் பின்பக்கம் எடுக்கறதுல இங்க உன்னை மிஞ்ச ஆளில்ல. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்" என்று மென்று விழுங்கிச் சொல்லிவிட்டு விடுவிடென்று போய்விட்டார்.

முதல் உடுப்பு அவளுக்குத்தான் தைத்தார்கள். தையற்கூடத்துக்குப் போய்ப் போட்டுக்கொண்டு, திரையை விலக்கி ஆளுயரக் கண்ணாடிமுன் வந்து நின்றாள். உடனே இரண்டு கையாலும் வயிற்றை மறைத்துக்கொண்டாள்.

"இறுக்கமா இருக்குங்களே."

தையற்கூடக்காரி தோளில், இடுப்பில், முதுகில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். விரல் தாராளமாகப் போய்வந்தது. "இறுக்கல. தொடுது. துணி மேல பட்டே பழக்கமில்ல உங்களுக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தாள். கைகளை நீட்டினாள். இல்லாத ஸ்டீயரிங்கை இல்லாத நாற்சந்தியில் முழுக்கத் திருப்பினாள். எங்கேயும் பிடிக்கவில்லை, எதுவும் ஏறவில்லை, எதுவும் இறங்கவில்லை. கைப்பட்டி மணிக்கட்டில் வந்து நின்றது. அங்கேயே இருந்தது. எழுந்து மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். தோள் எங்கே முடிகிறதோ அங்கே சட்டையின் தோளும் முடிந்தது. எனக்கு இடுப்பு இவ்வளவு மேலேயா இருக்கிறது என்று நினைத்தாள். நாற்பத்தைந்து வயதில் தன் உடம்பின் விலாசத்தை இப்போதுதான் ஒருவர் சரியாக எழுதிக் கொடுத்த மாதிரி இருந்தது. கண் கொஞ்சம் கலங்கியது. தையற்கூடக்காரி அதைக் கவனிக்காதவள் போல் குனிந்து, கால்சட்டை ஓரத்தில் இல்லாத நூலைத் தேடினாள்.

மூன்றாவது வாரக் கடைசியில் பணிமனை முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். மேலாளர் வந்தார். கருநீலக் கோட்டை விற்கும் நிறுவனத்தின் விற்பனைக்காரரும் புதிதாக ஒரு கோட்டைக் கையில் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்துச் சலவை கண்ட பழைய கோட்டை ஊக்கு அக்கா மேசைமேல் வைத்தபோது, அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் சுதாரித்துக்கொண்டார்.

"மருத்துவமனை மெஷின்ல போட்டா எந்தத் துணிதான் தாங்கும் மேடம்? எங்க அயிட்டத்தை உடம்புல போட்டுப் பாக்கணும். அந்தக் கம்பீரமே தனி."

"சரிங்க, போட்டே பாப்போம்" என்றாள். "சார், நீங்களே போட்டுப் பாருங்களேன்."

மேலாளருக்கு அந்தக் கோட்டின்மேல் ஆரம்பத்திலிருந்தே ஒரு கண். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு தடவை மரியாதைக்குச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை. ஒட்டகம் சீட்டியடித்தான். விற்பனைக்காரர், "பாத்தீங்களா!" என்றார்.

"பிரமாதம் சார். வண்டியில ஏறி உக்காருங்க" என்றாள்.

ஏறி உட்கார்ந்தார்.

"இப்ப நாற்சந்தி. வலப்பக்கம் முழுசாத் திருப்புங்க."

மேலாளர் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். டர்ர்ர் என்று ஒரு சத்தம், முற்றத்தின் அடுத்த கோடிவரை கேட்டது. அத்தனை ஓட்டுநர்களும் கப்சிப். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் வெடித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். மேலாளர் கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமல் நேராகப் பார்த்தபடி கேட்டார்:

"எதுவரைக்கும் போயிருக்கு?"

"தோள்லேருந்து இடுப்பு வரைக்கும் சார்" என்றார் மீசை, தகவல் சொல்லும் குரலில்.

"சார் கொஞ்சம் வேகமாத் திருப்பிட்டாரு" என்றார் விற்பனைக்காரர்.

"பஸ்ஸைப் பின்ன எப்படிய்யா திருப்புவாங்க? கெஞ்சியா?" என்றார் மேலாளர். சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். அதற்குப் பிறகு யாரையும் பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒட்டகம் சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். விற்பனைக்காரரும் கடைசியில் சிரித்துத் தொலைத்தார், பாவம்.

அதே இருக்கையில் ஊக்கு அக்கா ஏறி உட்கார்ந்தாள். வலம், இடம், மறுபடி வலம். கதவு, கண்ணாடி, பிரேக். இறங்கி வந்து மேலாளர் எதிரில் நின்றாள். சட்டை காலையில் இஸ்திரி போட்டபடியே இருந்தது. முதுகுப்பக்கம் கந்தலாகத் தொங்க, மேலாளர் அவளைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். அவருடைய சுத்தப் பித்துக்குக் குறைசொல்ல ஒரு சுருக்கம்கூட அகப்படவில்லை.

எல்லாம் உடனே நல்லபடியாக நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தையற்கூடம் சின்னது, ஆறு பேர்தான் வேலை செய்தார்கள். அறுபத்திரண்டு பேருக்கும் தைத்து முடிக்க நாலு மாதம் ஆனது. யாருக்கு முதலில் என்பதில் ஒரு வாரம் சண்டை. மீசையின் பெயர் பட்டியலில் மேலே இருந்ததற்கு மூப்புதான் காரணம் என்று அவள் சொன்னாள், எல்லோரும் நம்பினார்கள். ஒட்டகத்துக்குக் கால்சட்டை கணுக்காலைத் தொட்டபோதும், "இதுல அந்தத் தங்கப் பட்டனை மட்டும் வச்சிருக்கலாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இன்றைக்கும் சொல்கிறான்.

புதுச் சீருடையில் முதல்நாள் அவள் பதினேழாம் எண்ணை எடுத்தபோது, பயணிகளில் ஒருவர்கூட உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏமாற்றம். மூன்றாவது நிறுத்தத்தில் ஏறும் பள்ளி ஆசிரியை மட்டும் அவளை உற்றுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, லீவு போட்டு நல்லா ஓய்வெடுத்தீங்களா? முகமே தெளிஞ்சிருக்கு!" என்றாள். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவள் அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, "என்னங்க, கடைக்குப் போலாம் வாங்க. எனக்கு ஒரு சட்டை எடுக்கணும்" என்றாள். சீருடை என்னவோ நிர்வாகம் கொடுத்தது. தனக்கென்று, தான் பார்த்து, தன் அளவில் ஒன்று வேண்டும்.

கடைக்காரப் பெண் முதலில் ஆசையாகத்தான் எடுத்துப் போட்டாள். இவள் ஒவ்வொன்றையும் உள்பக்கம் புரட்டி, ஓரத்தை இழுத்து, பட்டன் காஜாவை விரலால் நெருடி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது ரெண்டு சலவைக்கு மேல தாங்காதும்மா" என்று மடித்து வைக்க வைக்க, அந்தப் பெண்ணின் முகம் மாறிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாவது சட்டை இலைப்பச்சை. தையல் நெருக்கமாக இருந்தது. தோள் சரியாக வந்தது. ஒரு அளவு பெரியதும் பக்கத்திலேயே தொங்கியது; பழக்கத்தில் அவள் கை அதன்மேல் போனது. ஒரு கணம் அங்கேயே நின்றது. பிறகு சிறியதை எடுத்துக்கொண்டு மாற்றும் அறைக்குள் போனாள். உள்ளேயிருந்து முக்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உள்ள என்ன பண்றாங்க?" என்றாள் கடைக்காரப் பெண்.

"பஸ் ஓட்டறாங்க" என்றார் அவளுடைய வீட்டுக்காரர்.

வெளியே வந்தவள் சட்டையைக் கழற்றவில்லை. பழையதைப் பையில் போட்டு வாங்கிக்கொண்டு அப்படியே தெருவில் இறங்கினாள். நல்ல வெயில், லேசான காற்று, கடைவீதி முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் வீட்டுக்காரர் நாலடி பின்னால் வந்துகொண்டிருந்தார். அவள் நின்றாள், அவரும் நின்றார். அவள் நடந்தாள், அவரும் நடந்தார்.

"கூட வராம ஏங்க பின்னாடியே வர்றீங்க?"

"முதுகுத் தையல் நேரா இருக்கான்னு பாக்கறேன்."

"பாத்தாச்சா?"

"இன்னும் இல்ல. நீ நட."